கரைக்குக் கீழே யாருமில்லை

அந்த வருடம் நாடாளுமன்றத்தில் யாரோ ஓர் உறுப்பினர் ஒரு கேள்வி கேட்டுவிட்டார். டெல்லியைச் சுற்றித் தனியாருக்குச் சொந்தமான சின்ன மண் அணைகள் எத்தனை, அவற்றில் ஆபத்தானவை எவை? யாரிடமும் பதில் இல்லை. பெரிய அணைகளுக்குத்தான் கணக்கு உண்டு. பண்ணை வீட்டுக்காரர்கள் ஓடையை மறித்துப் போட்டுக்கொண்ட கரைகளை யார் எண்ணிக்கொண்டிருப்பார்கள்? ஆர்.கே.புரத்து நீர்வளத் துறை அலுவலகத்தில் இருந்த இளம் இன்ஜினியர்களை ஜீப்பில் ஏற்றி அனுப்பினார்கள். உஷாராணியின் பங்குக்கு சத்தர்பூருக்கு அப்பால் இருந்த குன்றுப் பகுதி வந்தது. தொண்ணூற்றாறு, மே மாதம்.

உஷாராணிக்குக் கோபிச்செட்டிபாளையம். கல்யாணம் முடிந்த கையோடு டெல்லிக்கு மாற்றலாகி வந்தவள். கணவன் கார்த்திக்கு ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் வேலை. அலுவலகத்துக்கு நடந்து போகிற தூரத்திலேயே அரசுக் குவார்ட்டர்ஸ். வெயிலில் அலைவது அவளுக்குப் புதிதில்லை. ஊரில் அப்பாவுடன் கீழ்பவானி வாய்க்கால் கரையில் சுற்றி வளர்ந்தவள்.

வேலை சுலபம்தான். ஒவ்வோர் அணையையும் தாழ், நடு, உயர் என்று மூன்றில் ஒரு வகையில் சேர்க்க வேண்டும். கேட்கிறவர்கள் எல்லோரும் அதைத் தப்பாகவே புரிந்துகொண்டார்கள். கரை பலமாக இருந்தால் தாழ், பலவீனமாக இருந்தால் உயர் என்று நினைத்தார்கள். கரையின் பலத்துக்கும் அந்த வகைக்கும் சம்பந்தமே கிடையாது. நாளைக்கே உடைந்தால் கீழே யார் சாவார்கள் என்பது மட்டும்தான் கேள்வி. உளுத்துப்போன கரைக்குக் கீழே வெறும் காடு இருந்தால் அது தாழ். இரும்பு மாதிரி இருக்கும் கரைக்குக் கீழே நாலு குடும்பம் இருந்தால் உயர்.

மல்ஹோத்ரா என்பவருடைய பண்ணையில் இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஒரு கரை இருந்தது. மூன்று ஆள் உயரம். பின்னால் பச்சையாகக் கொஞ்சம் தண்ணீர். ஒரு ஓரத்தில் உபரித் தண்ணீர் போகக் கல் பாவிய கலங்கல். மல்ஹோத்ரா கரையின் மேல் நின்று கீழே கையைக் காட்டினார். "தேக்கியே மேடம், பாருங்க, கீழே ஜங்கிள்தான். மயிலும் நரியும். தாழ்னு போட்டுட்டு வந்து லஸ்ஸி சாப்பிடுங்க" என்றார் ஹிந்தியில்.

மேலிருந்து பார்த்தால் சீமைக் கருவேலங்காடுதான் தெரிந்தது. ஆனால் இறங்கி நடந்து பார்க்காமல் எழுதக் கூடாது என்பது விதி. டிரைவர் பல்பீரை ஜீப்பிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு, வறண்ட ஓடைத் தடத்தில் தனியாக இறங்கினாள். அனல் காற்று முள்மரங்களை உலுக்கிக்கொண்டிருந்தது.

ஓடை இரண்டாவது முறை வளைந்த இடத்தில் காற்று நின்றது. மழைக்குப் பிறகு வருகிற மண்வாசனை அடித்தது.

எதிரே வீடுகள் இருந்தன. பூசாத செங்கல் சுவர், மேலே தகரம். நடுவே குறுகலான தெரு. தெருவெல்லாம் சேறு. ஆட்கள் வீடுகளுக்குள் இருந்து சாமான்களை இழுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தார்கள். நனைந்து கனத்த ரஜாய்ப் போர்வைகள், கவிழ்ந்த கட்டில், தண்ணீர் சொட்டும் ஒரு ஸ்கூல் பை. யாரும் பேசவில்லை. பாத்திரம் உருண்டது, அதற்குக்கூடச் சத்தம் வரவில்லை. உஷாராணியின் கண் பழக்கத்தில் சுவர்களுக்குப் போயிற்று. எல்லாச் சுவரிலும் நெஞ்சுயரத்தில் ஒரே மட்டமாக ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே செங்கல் ஈரமாகக் கறுத்திருந்தது. மேலே உலர்ந்திருந்தது.

பைப் வெடித்துவிட்டதா? எந்தப் பைப் இவ்வளவு தண்ணீர் விடும்? அவள் யோசிப்பதற்குள் ஒரு பெண் நேராக அவளிடம் வந்தாள். இளம் வயது. தலைமுடி நனைந்து முகத்தில் ஒட்டியிருந்தது.

"அக்கா, ஸ்நேகாவப் பாத்தீங்களா?" என்றாள்.

தமிழில் கேட்டாள். அரியானா எல்லையில், மே மாத மத்தியானத்தில். "யாருங்க ஸ்நேகா?" என்று உஷாராணி வாயெடுக்கும்போது மேலே ஹாரன் சத்தம் நீளமாகக் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். மறுபடி முன்னால் திரும்பியபோது அந்தப் பெண் தெருவுக்குள் போய்க்கொண்டிருந்தாள்.

உஷாராணி மேலே ஏறி வந்து பல்பீரிடம், "எதுக்கு அப்படி ஹாரன் அடிச்சே?" என்று கேட்டாள்.

"நானா? இந்த வண்டியில ஹாரன் ரிப்பேராகி எத்தனையோ நாளாச்சே மேடம்ஜி."

அன்று மாலை கார்த்தி அவளுடைய செருப்பைக் கையில் தூக்கிப் பார்த்தான். "ஏம்புள்ள, இந்த வெயில்ல எங்க போயி சேத்துல எறங்குன?"

"அணைக்குக் கீழ வீடெல்லாம் இருக்குதுங்க. பூராம் தண்ணி பூந்து கெடக்குது. தமிழ் பேசுற பொண்ணு ஒருத்தி ஸ்நேகான்னு புள்ளையோ யாரையோ தேடிட்டு நிக்கிறா. நான் பாட்டுக்கு வந்துட்டனுங்க. மனசே சரியில்ல."

மறுநாள் அவள் மல்ஹோத்ராவின் அணையை 'உயர்' என்று எழுதிக் கொடுத்தாள். அவர் சும்மா இருப்பாரா? மேலிடத்தில் சொல்லி, கூட்டாகப் பார்வையிட வேண்டும் என்று உத்தரவு வாங்கிவிட்டார். உஷாராணியின் மேலதிகாரி சுந்தரேஷ் தானே கிளம்பி வந்தார். கும்பகோணத்துக்காரர். லோதி ரோடு குவார்ட்டர்ஸில் இருந்து சைக்கிளிலேயே அலுவலகம் வருகிறவர். யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர்.

மூவரும் ஓடைத் தடத்தில் இறங்கினார்கள். முதல் வளைவைத் தாண்டினார்கள். இரண்டாவது வளைவையும் தாண்டினார்கள். முள்மரங்கள். வெடித்த தரை. ஒரு மயில் ஓடி மறைந்தது. ஒரு செங்கல் துண்டுகூட இல்லை. கருவேலங்கிளைகள் பின்னிக் கிடந்ததைப் பார்த்தால் பல வருடமாக அங்கே மனிதக் கால் படவில்லை என்று தெரிந்தது.

மல்ஹோத்ரா சிரிக்கவில்லை. அதுதான் உஷாராணிக்கு அதிக அவமானமாக இருந்தது. சுந்தரேஷ் அவளைத் தனியாக நிழலுக்கு அழைத்துப்போனார்.

"வெயில்மா. மண்டையில ஏறித்துன்னா இப்படித்தான். புந்தேல்கண்ட்ல எனக்கே ஒரு தடவை ஏரி தெரிஞ்சுது. இல்லாத ஏரி. மனசுல வச்சுக்காதே. இப்போ கண்ணுக்குத் தெரியறதை எழுது."

கண்ணுக்குத் தெரிந்தது வெறும் காடு. 'தாழ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை மலை மந்திரில் முருகனுக்கு அர்ச்சனை செய்தாள். நாள் போகப் போக அந்த மத்தியானம் மங்கியது. ஆனால் எங்காவது யாராவது குழந்தையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் தலை தானாகத் திரும்பும்.

இரண்டாயிரத்து மூன்று ஏப்ரலில் கார்த்தியின் ஆபீஸ் நண்பர் மகளுக்கு நிச்சயதார்த்தம். ஏதோ பண்ணை வீட்டில் மத்தியான விருந்து என்றார்கள். கார் வளைந்து உள்ளே போனபோதுதான் உஷாராணிக்கு இடம் புரிந்தது. மல்ஹோத்ரா பண்ணையைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் லானாக மாற்றியிருந்தார். பழைய குட்டை இப்போது நிறைந்த ஏரி. நடுவில் நீரூற்று, அன்னப்பறவை வடிவில் படகுகள். கரை மேல் புல் பதித்து நாற்காலி போட்டிருந்தார்கள். கலங்கலைக் காணவில்லை. தேடிப் பார்த்தாள். கல் பாவிய இடத்தைச் செங்கல் சுவர் வைத்து அடைத்து, மேலே பூந்தொட்டி வரிசை வைத்திருந்தார்கள். தண்ணீர் வெளியே போய்விட்டால் ஏரி அழகாக இருக்காதே.

அவள் கரையின் மறுபக்கம் போய்க் கீழே பார்த்தாள். காட்டை வெட்டியிருந்தார்கள். இப்போது மேலிருந்தே தெரிந்தது. தகரக் கூரைகள்.

"ஏனுங்க, இங்க வாங்க" என்று கார்த்தியைக் கூப்பிட்டாள். "அங்க என்ன தெரியுதுங்க?"

"வீடு. குடிசைக்கும் வீட்டுக்கும் நடுவாந்திரம். ஏன்?"

"உங்களுக்கும் தெரியுதுங்களா?"

கார்த்தி அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கூடவே இறங்கி வந்தான்.

அதே தெரு. அதே பூசாத செங்கல். ஆனால் சத்தம் இருந்தது. ரேடியோ பாடியது, யாரோ யாரையோ திட்டினார்கள். சுவர்களில் கோடு இல்லை. எல்லாச் சுவரும் மேலிருந்து கீழ்வரை ஒரே வெளிறிய சிவப்பு. உஷாராணி ஒரு சுவரில் கையை வைத்துத் தடவினாள். காய்ந்த செங்கல் பொடி விரலில் ஒட்டியது.

தெரு முனையில் ஒரு டீக்கடை. கடைக்காரர் அவள் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்ததுமே, "தமிழாம்மா? வாங்க வாங்க" என்று பெஞ்சைத் துடைத்தார். பேர் கலியமூர்த்தி. பண்ருட்டிப் பக்கம். கட்டட வேலைக்கு வந்து, முட்டி போனபிறகு டீக்கடை. இங்கே குடியிருப்பவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கத்து ஆட்கள்தான் என்று சொன்னார். இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுத்தார். காசு வாங்க மறுத்தார்.

எதிர்வீட்டு வாசலில் ஒரு பெண் சின்னக் குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். "ஆடாத ஒக்காருடி, ஸ்நேகா!"

உஷாராணி டீயைப் பெஞ்சில் வைத்தாள். எழுந்து போய் அந்தப் பெண் முன்னால் நின்றாள். அதே முகம். ஒரு நாள்கூட மூப்பில்லை.

"உங்க பேரென்னம்மா?"

"வள்ளியம்மைக்கா."

"டெல்லிக்கு எப்ப வந்தீங்க?"

"பாப்பா பொறந்தப்புறந்தான். ரெண்டு வருசம் இருக்கும். ஏங்க்கா?"

"இதுக்கு முன்னால என்னை எங்காச்சும் பாத்திருக்கீங்களா?"

வள்ளியம்மை யோசித்துப் பார்த்தாள். "இல்லியேக்கா" என்று சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கார்த்தியிடம் எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். அவன் வாதாடவில்லை. "தண்ணி வரப் போகுதுன்னு நெனைக்கிறயா?" என்று மட்டும் கேட்டான்.

"செவுத்துல கோடு இன்னும் விழலீங்களே" என்றாள்.

மறுநாளே 'உயர்' என்று மாற்றி எழுதினாள். சுந்தரேஷ் ஓய்வு பெறும் நேரம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ எழுதினது சரிதான். இப்ப ஜனங்க இருக்கா, அதனால உயர். ஆனா அதுக்கப்புறம் என்ன? கரை அவனோடது, நிலம் அவனோடது. சின்ன அணைக்குன்னு நம்ம கையில சட்டம் ஒண்ணும் இல்லையே உஷா. சொல்லலாம். அவ்வளவுதான்."

சொன்னாள். மல்ஹோத்ரா பூந்தொட்டிகளைக் காட்டி, "நவம்பர் வரைக்கும் புக்கிங் இருக்கு மேடம். சீசன் முடியட்டும், பார்க்கலாம்" என்றார். "அப்போ நீங்கதானே தாழ்னு கொடுத்தீங்க? நானா அவங்களைக் கூட்டி வந்து குடிவச்சேன்?"

அவர் கேட்டதில் தப்பில்லை என்பது அவளை இன்னும் வதைத்தது. சனிக்கிழமைகளில் பஸ் பிடித்துக் கீழே குடியிருப்புக்குப் போக ஆரம்பித்தாள். மழைக்காலம் முடிகிறவரைக்காவது வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வீடு வீடாகக் கெஞ்சினாள். "எங்கக்கா போறது?" என்றாள் வள்ளியம்மை. கலியமூர்த்தி டீ ஆற்றிக்கொண்டே சமாதானம் சொன்னார்.

"ஏரிக்கு மேல யாராவது வூடு கட்டுவாங்களாம்மா? எங்கூர்ல ஊரே கரைக்குக் கீழதான். ஏரி ரொம்பினா சாமி கும்புடுவோம். நீங்க இன்னாடான்னா பயப்படுறீங்க."

"உங்கூர் ஏரிக்குக் கலங்கல் இருக்கும். இதுக்கு அடைச்சு வச்சிருக்காங்க."

அவர் கை ஒரு நொடி நின்றது. "அப்டியா?" என்றார். மறுவாரம் அவள் போனபோது, தானே மேலே ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் அவளைக் கேலி செய்யவில்லை.

ஜூலையில் இரவெல்லாம் பெய்த மழை ஞாயிற்றுக்கிழமை காலையிலும் விடவில்லை. ரிங் ரோட்டில் பஸ்கள் தண்ணீரில் நின்றன. "கிளம்புங்க" என்றாள் உஷாராணி. கார்த்தி பாதிச் சவரத்தோடு மாருதியை எடுத்தான்.

கரை உச்சியில் புல்லுக்கும் தண்ணீருக்கும் இடைவெளி ஒரு சாண்கூட இல்லை. படகுகள் கரையோடு மோதிக்கொண்டிருந்தன. அவள் கீழ்ப்பக்கம் இறங்கிக் கரையின் அடியைப் பார்த்தாள். புல்லுக்குள் ஓர் இடத்தில் தண்ணீர் விரல் கனத்துக்குக் கொப்புளித்து வந்தது. தெளிந்த தண்ணீர் கசிந்தால் பரவாயில்லை. இது பால் ஊற்றின டீ நிறத்தில் வந்தது. கரை உள்ளே கரைந்துகொண்டிருந்தது.

அவள் ஓடினாள். முதலில் போனது வள்ளியம்மையின் வீட்டுக்கு. வள்ளியம்மை இல்லை, பக்கத்துப் பங்களாவுக்கு வேலைக்குப் போயிருந்தாள். குழந்தை கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. வாரி எடுத்துக் கார்த்தியின் கையில் கொடுத்தாள். "காருக்குக் கொண்டு போங்க. என்ன ஆனாலும் கீழ எறக்கி விட்றாதீங்க."

பிறகுதான் கத்த ஆரம்பித்தாள். அவள் சொன்னதை யாரும் உடனே நம்பவில்லை. ஆனால் கலியமூர்த்தி எதிர்க்கேள்வி கேட்கவில்லை. அடுப்பில் இருந்த பாலை அப்படியே விட்டுவிட்டு, கரண்டியால் ஒவ்வொரு தகரக் கதவையும் தட்டிக்கொண்டு நொண்டி நொண்டி ஓடினார். "ஏந்திரி, ஏந்திரி! சாமான வுடு! மேட்டுக்குப் போ!" அவர் குரலுக்கு ஜனம் எழுந்தது. குன்றுச் சரிவில் வரிசையாக ஏறினார்கள். வேலைக்குப் போயிருந்தவர்கள் சத்தம் கேட்டு எதிர்க் குன்றுக்கு ஓடிவந்தார்கள்.

கரை உடைந்தபோது இடி மாதிரி எதுவும் கேட்கவில்லை. நடுப்பகுதி மெதுவாகத் தாழ்ந்தது, களைத்த ஆள் உட்காருவதைப் போல. அதன் மேல் தண்ணீர் பழுப்பாக வழிந்து, வழியும்போதே பள்ளத்தை அகலமாக்கிக்கொண்டது. பிறகு தெருவே தெரியவில்லை. கொஞ்ச நேரம்தான். சின்ன ஏரி, சீக்கிரம் தீர்ந்துபோயிற்று.

மழையும் விட்டது. மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடித்துச் சுவர்களின் மேல்பாதியைக் காயவைத்தது. உஷாராணி கீழே இறங்கினாள். தெருவெல்லாம் சேறு. ஆட்கள் திரும்பி வந்து, பேசத் தோன்றாமல், சாமான்களை இழுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தார்கள். ரஜாய்கள், கட்டில், சொட்டும் ஸ்கூல் பை. எல்லாச் சுவரிலும் நெஞ்சுயரத்தில் கோடு. அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. இனி என்ன வரும் என்று தெரியும். காத்திருந்தாள்.

வள்ளியம்மை வந்தாள். தலைமுடி நனைந்து முகத்தில் ஒட்டியிருந்தது.

"அக்கா, ஸ்நேகாவப் பாத்தீங்களா?"

மேலே மாருதியின் ஹாரன் நீளமாக ஒலித்தது. குழந்தை விழித்து அழுததால் கார்த்தி அவளைக் கூப்பிடுகிறான் போலிருந்தது.

"எங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்கா. மேல, காருல. நல்லா இருக்கா, போ" என்றாள் உஷாராணி. இத்தனை வருடமாக அவள் பயந்த அந்தக் கேள்வியை, பிள்ளையை அவளே வாரி எடுத்துக் கொடுத்ததால்தான் தாய் கேட்டிருக்கிறாள். வள்ளியம்மை சேற்றில் வழுக்கி வழுக்கி மேலே ஓடுவதைப் பார்த்துக்கொண்டே, உஷாராணி அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

சாயந்திரம்தான் கலியமூர்த்தியைக் காணோம் என்று தெரிந்தது. எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசி வீட்டில் படுத்த படுக்கையாக இருந்த கிழவனைத் தூக்கப் போனவர். கிழவனை யாரோ ஏற்கெனவே தூக்கிவிட்டது அவருக்குத் தெரியாது. மறுநாள் ஓடையின் கீழ்ப்பக்கத்தில் முள்மரத்தில் சிக்கிக் கிடந்தார்.

அன்று இரவு உஷாராணி தூங்கவில்லை. அந்த மே மாதத்து மத்தியானத்தை ஒவ்வொரு முகமாக நினைவில் கொண்டுவந்து பார்த்தாள். ரஜாய் பிழிந்தவர்கள், கட்டில் தூக்கியவர்கள், வள்ளியம்மை. அவள் அங்கே பார்த்த எல்லோரும் தண்ணீர் வந்து போனபிறகு உயிரோடு இருந்தவர்கள். அவர்களுக்காகத்தான் அவள் இத்தனை நாள் பயந்தாள். டீக்கடைக்காரரை அன்று பார்க்கவில்லை. ஏப்ரலில் அவர் பெஞ்சைத் துடைத்தபோது, இந்த முகம் அன்றைக்கு இல்லையே என்று அவளுக்கு ஏன் தோன்றாமல் போயிற்று?

பண்ருட்டியில் இருந்து கலியமூர்த்தியின் தம்பி வந்தார். இங்கேயே தகனம் செய்தார்கள். ஊருக்குத் திரும்பும் நாளில் உஷாராணியும் கார்த்தியும் அவரை நியூ டெல்லி ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். துணியால் வாய் கட்டிய சின்ன மண் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

"எங்கண்ணனுக்குத் தண்ணி வருதுன்னு தெரியுமாம்மா? இல்ல, தெரியாமயே போயிட்டானா?"

"தெரியுங்க. மத்தவங்கள மேல அனுப்புனதே அவருதான். நான் கத்துனப்ப யாரும் அசையல. அவரு சொல்லித்தான் எழுந்தாங்க."

தம்பி தலையை ஆட்டினார். "சொல்ற பேச்ச கேக்க வச்சிடுவான். சின்னதுலேர்ந்து அப்டிதான்" என்றார். பிறகு, "நீங்க எப்டிம்மா சரியா அன்னிக்கு அங்க போனீங்க?" என்று கேட்டார்.

உஷாராணி கார்த்தியைப் பார்த்தாள். கார்த்தி தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது என் வேலைங்க" என்றாள்.

வண்டி நகர்ந்தது. தம்பி ஒரு கையால் கலயத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையை ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே நீட்டி அசைத்தார்.